ஆறு குடத்துக் கோல்

ராயப்பராஜ் வால்வுக் குழியின் இரும்பு மூடியைக் கையால் தொடுவதில்லை. தெருமுனை வேப்பமரத்தில் சைக்கிளைச் சாத்துவார். வலது கால் செருப்பை மட்டும் கழற்றுவார். கட்டை விரலை மூடியின் வளையத்துக்குள் நுழைத்து ஒரு நெம்பு நெம்புவார். மூடி டணாரென்று புரண்டு விழும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் மேட்டுத் தெருவில் முப்பது வீட்டுக் கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கும். பாதி முகத்தில் சோப்பு நுரை இருந்தாலும் நானும் வாளியோடு வாசலுக்கு வந்துவிடுவேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறரை மணிக்குத் தண்ணீர். அரை மணி நேரம் வரும். அதைத் திறப்பதும் மூடுவதும் ராயப்பராஜ். ஆளுயர இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் சாத்தியபடி சைக்கிளில் வருவார். அதைக் குழிக்குள் இறக்கி மூன்று சுற்றுச் சுற்றினால் குழாய்கள் முதலில் இருமும், பிறகு செருமும், பிறகு தண்ணீர் விடும். மூன்று சுற்றுக்குத்தான் உத்தரவு. நாலாவது சுற்று ஒன்று உண்டு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கி அரைக்கால்சட்டை, மேலே கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை. இடது மணிக்கட்டில் ஒரு கடிகாரம். ஆள் ஒல்லி, கெண்டைக்கால் மட்டும் வேறு யாரிடமிருந்தோ இரவல் வாங்கியது போல உருண்டு திரண்டிருக்கும். வலது கட்டை விரல் சிறுமலை வாழைப்பழ அளவுக்குக் குட்டையாய்த் தடித்திருக்கும். தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் அந்த விரலைத்தான் பார்ப்பார்கள். பார்க்கும்படி யாராவது சொல்லியிருப்பார்கள். ஏனென்றால் அந்த விரல் இந்தியாவுக்காக ஒரு கோல் போட்ட விரல்.

நான் முதலில் நம்பவில்லை. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவன் எதையும் சட்டென்று நம்பிவிட மாட்டான். ஆனால் விஷயம் உண்மைதான். கன்னிவாடிப் பக்கத்துக் கிராமத்துப் பையன், திண்டுக்கல்லுக்குப் படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டுப் பந்தைப் பிடித்துக்கொண்டான். பேகம்பூரில் தோல் வியாபாரி முனீர் நடத்திய பந்தாட்டக் குழுவில் ஆடினான். அங்கிருந்து மதுரை, அங்கிருந்து சென்னை. ஐம்பத்தொன்றாம் வருஷம் இந்திய அணி ரங்கூனுக்குக் கப்பலேறியபோது கூடுதல் ஆளாக இவனையும் ஏற்றிவிட்டார்கள். போன இடத்தில் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் கடைத்தெருவில் இறால் வறுவல் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் ஆட்டம். வேறு ஆள் இல்லை. ராயப்பராஜ் வெறுங்காலோடு இறங்கினார், ஒரு கோல் போட்டார், கரைக்குத் திரும்பினார். ஊருக்கு வந்த இரண்டாம் மாதம் முழங்கால் பிசகிக்கொண்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. அப்புறம் தண்ணீர் வேலை.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பொட்டு வருத்தம் இருக்காது. மாறாக ஒரு கர்வம் இருக்கும். அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார். "ஒத்த ஆட்டம், ஒத்த கோலு" என்பார். இந்தியாவுக்கு ஆடிய பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருவர் முப்பது ஆட்டத்தில் பன்னிரண்டு, இன்னொருவர் பதினெட்டில் ஆறு என்று விரல்விட்டுச் சொல்லுவார். ஆட்டத்துக்கு அரைக் கோல்கூடத் தேறாதவர்கள் எல்லோரும். இவருக்கு மட்டும் ஆட்டத்துக்கு முழுசாக ஒன்று. அதனால் சராசரிப்படி நாட்டிலேயே முதல் ஆள் இவர்தான். முனீர் பாய் ஒருநாள் குறுக்கே புகுந்து, இன்னொரு ஆட்டம் ஆடி அதில் கோல் விழாமல் போயிருந்தால் சராசரி என்ன ஆகியிருக்கும் என்று மடக்கினார்.

ராயப்பராஜ் அசரவில்லை. "அதான் பாய், ஆடல" என்றார்.

ஏதோ வேண்டாமென்று தாமே ஒதுங்கிக்கொண்டது போலச் சொன்னார். முனீர் பாய் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று டீயில் விழுந்தது.

இந்தக் கோலை எங்கள் தெருப் பெண்கள் எப்படிக் கண்டெடுத்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் ராயப்பராஜைப் பற்றிச் சொன்னதே ஆகாது. கண்டெடுத்தவள் பேச்சாயி. குஜிலியம்பாறையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அங்கே ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்து வளர்ந்தவளுக்கு, தெருவுக்குள் தானாக வரும் தண்ணீர் அரை மணியில் நின்றுபோவது பொறுக்கவில்லை. ஒருநாள் மூடுகிற நேரத்தில், பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாமென்று, அண்ணே அந்தக் கோலை எப்படித்தான் போட்டீக என்று கேட்டு வைத்தாள். ராயப்பராஜ் சாவியைக் குழியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடித்தபோது பேச்சாயி வீட்டில் ஆறு குடம் கூடுதலாக நிரம்பியிருந்தது.

அன்றிலிருந்து தெருவில் கோலுக்கு அளவு ஏற்பட்டுவிட்டது. வெறும் கோல் ஆறு குடம். மழையோடு சேர்ந்த கோல் எட்டுக் குடம். கப்பலில் ஏறியதிலிருந்து கேட்டால் பத்துக் குடமும் ஒரு அண்டாவும். நத்தத்துக்காரி ஜக்கம்மாள் கப்பலில் வாந்தி எடுத்தீகளா என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்கு மட்டும் இரண்டு குடம் பிடித்தாள். வீட்டில் விருந்தாளி வந்திருந்தால் கப்பல், துணி துவைக்கிற நாளென்றால் மழை, சும்மா நாளில் வெறும் கோல் என்று முறை வைத்துக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, கார்னர் என்றால் என்ன, ஆப்சைடு என்றால் என்ன என்பதெல்லாம் எங்கள் குழாயடியில் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. வரிசையில் முந்தி வந்து குடத்தை வைத்த ஒருத்தியைச் சண்முகவள்ளி ஆப்சைடு என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் என் காதால் கேட்டேன். பந்தாட்டத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத முப்பது பெண்கள்!

கதையை முழுசாகக் கேட்காத ஒரே பெண் அவர் மனைவி அந்தோணியம்மாள்தான். அவர்கள் வீட்டில் கிணறு இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மனிதர் ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டார். பதினோரு வருஷமாகச் சொல்கிறவர், வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் அந்தக் கோலை நடு மைதானத்திலிருந்து போட்டிருப்பார். இவர் அப்படியில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். அடைமழை. இடது பக்கத்திலிருந்து பந்து வருகிறது. இவர் ஓடிப்போய்க் காலை நீட்டுகிறார், வழுக்குகிறது, விரல் நுனி பந்தில் படுகிறது, இவர் குப்புற விழுகிறார். முகமெல்லாம் சேறு. ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் குரல் இறங்கிவிடும். "சனம் அம்புட்டும் வாயடச்சுப் போச்சு. அத வச்சுத்தான் கோலுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்பார். அது பர்மாக்காரர்கள் ஊர், அவர்கள் கூட்டம். இவர் கோல் போட்டால் கத்துவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

சண்முகவள்ளி ஒருநாள், ஒரு தவலை பாக்கி இருந்ததால், பந்து போகிற வழியில் யார் மேலாவது பட்டதா என்று கேட்டாள். ஆமாம், பர்மாக்காரன் ஒருவனுடைய இடது முழங்காலில் லேசாகப் பட்டது என்று அப்புறம் கூட ஆடியவர்கள் சொன்னார்கள் என்றார். தவலை நிறைந்தது. அந்த முழங்காலும் கதையில் சேர்ந்துகொண்டது. அது எங்கள் தலையில் வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

போன வருஷம் முனீர் பாய் தோல் விஷயமாகச் சென்னைக்குப் போனவர், அங்கே பந்தாட்டச் சங்கம் ஒன்று வெளியிட்ட ஆண்டு மலரை வாங்கி வந்தார். வழவழப்பான தாள், படங்கள், கடைசியில் பத்துப் பக்கம் புள்ளி விவரம். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போய் நாட்டுக்காக ஆடியவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்ற பட்டியல். எல்லாம் இங்கிலீஷ். பாய் அதைப் பிரிக்காமலேயே மார்போடு அணைத்துக்கொண்டு காலை ஆறரைக்கு நேராக எங்கள் தெருக் குழாயடிக்கு வந்துவிட்டார். ராயப்பராஜும் அங்கே இருந்தார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே என்று என்னை வீட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். அந்தப் பாவி நான்தான்.

பெயர் இருந்தது. ராயப்பராஜ், திண்டுக்கல். ஆட்டம்: ஒன்று. நான் உரக்கப் படித்தேன், குடங்கள் தாளம் போட்டன. அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். கோல்: சைபர். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. ரங்கூன் ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த கோல், எதிரணித் தடுப்பாட்டக்காரர் தம் பக்கமே போட்டுக்கொண்ட சொந்தக் கோல்.

மென்று விழுங்கிச் சொல்லித்தான் தீர்த்தேன். ராயப்பராஜ் தாளை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாதவர், ஆனால் தம் பெயருக்கு நேரே இருந்த சைபர் அவருக்குத் தெரிந்தது. மலரைப் பாயிடம் மடக்கிக் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி சரியாக ஏழு. சாவியைத் திருப்பி வால்வை மூடினார். பெண்கள் கையில் பாதிக் குடங்களோடு நின்றார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்து நாங்கள் பார்த்ததே அன்றைக்குத்தான்.

அதன்பின் ஒரு மாதம் எங்கள் தெரு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆறரைக்குத் திறப்பு, ஏழுக்கு மூடல். ஏழு மணி அடித்து ஒரு சொட்டு விழாது. பேச்சாயி என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். கப்பலைக் கேட்டாள், மழையைக் கேட்டாள், ஜக்கம்மாள் வாந்தியைக்கூடக் கேட்டாள். அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "கோலு இல்லாத ஆட்டத்துல சொல்ல என்னத்தா இருக்கு?" மூடியைக் காலால் திறப்பதையும் விட்டுவிட்டார். குனிந்து கையால் தூக்கினார். இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன. அதைப் பார்த்தபோது எனக்குத் தண்ணீர்க் கவலை போய், வேறு கவலை வந்துவிட்டது. ஒரு மனிதனிடம் இருந்த ஒரே ஒரு கோலை நானே படித்துக் காட்டிப் பிடுங்கிக்கொண்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

குழாயடியில் மாநாடு கூடியது. சொந்தக் கோல் என்றால் என்னவென்று நான் விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் பேச்சாயி மடக்கினாள்.

"நான் ஒரு கல்ல எடுத்து அடுத்த வீட்டுக்குள்ள எறியிறேன். வாசல்ல நிக்கிற அந்த வீட்டுக்காரி முழங்கால்ல பட்டு உள்ள விழுகுது. எறிஞ்சது நானா, அவளா?"

முப்பது பெண்களும் எறிந்தது பேச்சாயிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பைச் சென்னைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. மனு எழுதும் பாவமும் என் தலையில் விழுந்தது. தாலுகா ஆபீசில் பத்து வருஷம் மனு வாங்கிய கை, ஆகையால் நன்றாகவே எழுதினேன். கீழே கையொப்பமிட்டிருக்கும் மேட்டுத் தெருப் பெண்டிர் மேற்படி கோலை வரிக்கு வரி அறிவோம் என்று ஆரம்பித்தேன். மழை பெய்த அளவு, மைதானத்தின் சாய்வு, பந்து வந்த திசை, பர்மாக்காரர்களின் கால்சட்டை நிறம், கப்பலின் பெயர், இறால் வறுவல் எல்லாம் எழுதினோம். ஒன்றும் விட்டுப் போகக்கூடாது, விட்டால் கதை தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்று சண்முகவள்ளி பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு பேர் கையெழுத்து, இருபத்தாறு பேர் கட்டை விரல் ரேகை. ராயப்பராஜுக்குச் சொல்லவில்லை. தபாலில் போட்டுவிட்டு, ஜக்கம்மாள் அம்மா வீட்டிலிருந்து வந்த நத்தம் மாம்பழம் ஆளுக்கொன்று தின்றோம். தலைகால் புரியாத சந்தோஷம்.

இருபது நாளில் பதில் வந்தது. சங்கத்துக் காரியதரிசி நல்ல மனிதர் போலிருக்கிறது, தமிழிலேயே எழுதியிருந்தார். தெருப் பெண்டிரின் ஆர்வத்துக்கு வணக்கம் சொல்லியிருந்தார். அவர்கள் மனுவில் உள்ள விவரம் சங்கத்திடம்கூட இல்லை என்று பாராட்டியிருந்தார். பந்து தடுப்பாட்டக்காரரின் இடது முழங்காலில் பட்டதா என்பதில் இதுவரை சங்கத்துக்கே ஒரு சந்தேகம் இருந்தது, மனுவின் ஏழாவது வரியால் அது தீர்ந்தது என்றும் எழுதியிருந்தார்.

படித்துக்கொண்டிருந்த நான் நிறுத்தினேன். சண்முகவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பர்மாக்காரன் முழங்காலை நாங்களே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து அனுப்பியிருக்கிறோம். ஏழாவது வரியை எழுதிய கை என்னுடையது. எழுதும்போது உறைக்கவில்லை. முப்பது பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

நல்ல வேளையாகக் கடிதம் அங்கே முடியவில்லை. முழங்காலில் படுவதற்கு முன்பே பந்து கோலுக்குள் போகிற வழியில் இருந்தது என்றால், விதிப்படி அது அடித்தவரின் கோல்தான். அதை ஆட்டக்காரரே தம் கண்ணால் கண்டதாகக் கையெழுத்திட்டு அனுப்பினால் அடுத்த மலரில் திருத்திவிடுவோம். இத்துடன் படிவம் இணைக்கப்பட்டுள்ளது. படிவத்தில் ஒரே ஒரு வாக்கியம், கீழே ஒரு புள்ளிக்கோடு.

மறுநாள் காலை ஆறரைக்கு மொத்தத் தெருவும் வால்வுக் குழியைச் சுற்றி நின்றது. முனீர் பாயும் வந்துவிட்டார். ராயப்பராஜ் வந்து, திறந்து, மூன்று சுற்றுச் சுற்றியதும் நான் கடிதத்தைப் படித்தேன். மனு போட்ட கதையையும் சொன்னேன். அவர் முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க மூக்கைச் சிந்தினார். நான் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

வாங்கவில்லை. "நான் பாக்கலையே" என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, கோல் அவருடையதுதானே என்றார்கள். ஒரு கையெழுத்துத்தானே என்றார் பாய். அவர் காது கொடுக்கவில்லை.

"பதினோரு வருசமா ஒரு சொல்லுக் கூட்டிச் சொன்னதில்ல. கண்ணால கண்டேன்னு இப்பப் போயி எழுதவா? நான் சேத்துல குப்புறக் கெடந்தேன் பாய்."

அப்போதுதான் பேச்சாயிக்கு அந்த யோசனை வந்தது. அவர் பார்க்கவில்லை, சரி. அதே மாதிரி திரும்ப ஒருதரம் அடித்தால், பந்து எந்தப் பக்கம் போகுமென்று நாங்கள் பார்த்துச் சொல்லிவிடுவோமே. விரல் அதே விரல்தானே!

இதைவிடப் பைத்தியக்காரத்தனமான யோசனையை நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் காலை வேளையில் அது தேவவாக்கு மாதிரி பட்டது. பாய் சைக்கிளில் பறந்து போய்த் தம் குழுவின் பந்தைக் கொண்டுவந்தார். ஜக்கம்மாளின் இரண்டு பித்தளை அண்டாக்கள் கோல் கம்பங்கள் ஆயின. மழைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, முப்பது குடத் தண்ணீரைத் தெருவில் கொட்டினார்கள். ஆமாம், கொட்டினார்கள். ஒரு மாதமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தவர்கள், கையிலிருந்த குடங்களைச் சிரித்துக்கொண்டே கவிழ்த்தார்கள். தெருமண் ரங்கூன் ஆகிவிட்டது.

பர்மாக்காரன் வேஷம் பேச்சாயிக்கு. தெருவில் அவள்தான் நெட்டை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அண்டாவுக்கு முன்னால் நின்றாள். எங்கே நிற்க வேண்டும், எந்தக் கால் முன்னால் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்: பந்து வந்தால் விலகிவிடு, மேலே படவிடாதே. அவளும் தலையாட்டினாள்.

ராயப்பராஜ் முதலில் மாட்டேன் மாட்டேன் என்றுதான் சொன்னார். பிறகு குனிந்து வலது செருப்பைக் கழற்றினார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த விரலைப் பார்த்தோம். இடது பக்கத்திலிருந்து பாய் பந்தை உருட்டிவிட்டார். மனிதர் ஓடிய ஓட்டத்தில் முப்பத்தைந்து வயதும் இல்லை, பிசகிய முழங்காலும் இல்லை. காலை நீட்டினார். வழுக்கியது. வேண்டுமென்று வழுக்கினாரா, தானாக வழுக்கியதா என்று எனக்குத் தெரியாது. விரல் நுனி பந்தைத் தொட்டது. அவர் குப்புற விழுந்தார்.

பந்து நேராகப் பேச்சாயியிடம் போனது. அவள் விலகத்தான் பார்த்தாள். சேறு அவளையும் விடவில்லை. இடது முழங்காலில் சொத்தென்று பட்டுத் திரும்பி, இரண்டு அண்டாக்களுக்கும் நடுவே உருண்டு உள்ளே போய் நின்றது. பட்டிருக்காவிட்டால் எங்கே போயிருக்குமென்று சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயடைத்து நின்றார்கள்.

ராயப்பராஜ் தலை தூக்கவில்லை. சேற்றில் முகம் புதைத்தபடி செத்த நேரம் கிடந்தார். பிறகு அங்கிருந்தே குரல் வந்தது.

"இதே மாதிரிதான். அம்புட்டுச் சனமும் கம்முனு ஆயிருச்சு." கொஞ்சம் பொறுத்து, "முழங்கால்ல பட்டுச்சாத்தா?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் படலண்ணே. நேராப் போச்சு" என்றாள் பேச்சாயி.

அவர் கையூன்றி எழுந்தார். கண்ணில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டுப் பார்த்தார். பேச்சாயி குனிந்து தன் இடது முழங்காலை இரண்டு கையாலும் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

ராயப்பராஜ் என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, எழுதாமல் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மணி ஏழைத் தாண்டி ஐந்து நிமிஷம். சாவியைப் பிடித்தார். மூடப் போகிறார் என்று எல்லோரும் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு குழாய்களுக்கு ஓடினார்கள். அவர் சாவியை மற்றப் பக்கம் திருப்பி, நாலாவது சுற்றையும் திறந்துவிட்டார்.